பொய் வழக்கில் உள்ளே போனவன் தப்பித்து வந்து பழிவாங்கினால் தப்பா?

கொளத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

செய்யாத குற்றத்துக்கு ஒருவனை உள்ளே தள்ளுகிறார்கள். அவன் சுவரேறித் தப்பித்து வருகிறான். மாட்டிவிட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கணக்கைத் தீர்க்கிறான். இந்தக் கதை எந்த மொழியில் வந்தாலும் நாம் கைதட்டுகிறோம். நிஜத்தில் நம் சென்னையில் ஏன் ஒருத்தன்கூட இப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை? நம் ஆட்களுக்கு ரோஷம் கிடையாதா?

பிப்ரவரி 3, இரவு 11.10

ரோஷம் இல்லை என்று சொன்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் வக்கீல் குமாஸ்தா. எழும்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தே தலை நரைத்தவன். பொய் வழக்கில் போய்வந்தவர்கள் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவர்கள் கோபத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் யாரும் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்க மாட்டான்.

சென்னையில் சிறையிலிருந்து தப்பியவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர், பல கொலைகள் செய்த ஆட்டோ சங்கர். 1990 ஆகஸ்டில், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய மத்தியச் சிறையிலிருந்து கூட்டாளிகளோடு வெளியேறினான். உதவிய வார்டர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவன் ஒடிசாவில் ரூர்கேலாவில் பிடிபட்டான், 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் அப்பாவி இல்லை. தன் கேஸ் எங்கே போய் முடியும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஓடினான்.

செய்யாதவன் ஓட மாட்டான். அடுத்த வாய்தாவில் உண்மை தெரிந்துவிடும், ஜட்ஜ் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தால் போதும், அந்தச் சாட்சி கூண்டில் ஏறினால் உளறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவனை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த நம்பிக்கை. அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 4, காலை

இன்னொன்று விட்டுப்போனது. சட்டப்படி காவலில் இருப்பவன் தப்பித்தால் அதுவே தனிக் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 224ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 262. இரண்டு வருடம் வரை தண்டனை. மாஜிஸ்திரேட் ரிமாண்டு உத்தரவு போட்டுவிட்டால் அது சட்டப்படியான காவல்தான். கேஸ் பொய்யாகவே இருந்தாலும் அவன் சுவரைத் தாண்டிய நிமிடத்தில் அவன் மேல் ஒரு உண்மையான கேஸ் விழுந்துவிடும். மாட்டிவிட்டவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? “குற்றம் செய்யாதவன் ஏன் ஓடினான்” என்று ஒரே கேள்வி. முதல் கேஸும் சேர்ந்து பலப்பட்டுவிடும்.

பிப்ரவரி 4, இரவு 10.30

ராயபுரத்து நண்பர் ஒருவர், 1944இல் நடந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலைக் கேஸை இழுத்திருக்கிறார். நல்ல இடத்தில்தான் தொட்டிருக்கிறார். ஆனால் “லட்சுமிகாந்தன் சிறையில் கஷ்டப்பட்டவன், அந்த வன்மத்தில்தான் பத்திரிகை நடத்தினான்” என்று எழுதியிருப்பது சரியில்லை. லட்சுமிகாந்தன் தண்டனை பெற்றது போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்கு. ராஜமுந்திரி சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் தப்பிக்கப் பார்த்து மாட்டினார், பிறகு அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் அந்தமானைப் பிடித்த சமயம் வெளியே வந்து, சென்னையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தார். பழிவாங்க அவருக்கு எந்த நியாயமும் இருந்ததாகத் தெரியவில்லை, அது பிழைப்பு.

பொய்யாகப் போனவர்கள் அந்தக் கேஸின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போகும்போது லட்சுமிகாந்தனைக் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ அந்த தீபாவளிக்குத்தான் வெளியாகி பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே இருக்க, படம் வெளியே அடுத்தடுத்த தீபாவளிகளைத் தாண்டி ஓடியது. 1945 மே மாதம் ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றது, ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மேல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், அங்கிருந்து வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல். நாடே கொண்டாடிய மனிதர்கள். பணம், செல்வாக்கு, நாட்டிலேயே பெரிய வக்கீல்கள், கே.எம். முன்ஷி வரைக்கும். அவர்கள் பழிவாங்கினார்களா? பாகவதர் மறுபடி பாடினார், நடித்தார், படங்கள் ஓடவில்லை. 1959இல் 49 வயதில் போய்விட்டார். கலைவாணர் அதற்கு இரண்டு வருடம் முன்பே, ஐம்பதைத் தொடாமல். கலைவாணர் வெளியே வந்து மறுபடி சிரிக்க வைத்தார். அது பெரிய மனது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவர்கள் யாரைப் போய்ப் பழிவாங்குவது? ஜூரியில் கை தூக்கியவர்களையா? போலீஸ் தரப்புச் சாட்சியாக மாறிய அப்ரூவரையா? எழுதிக்கொடுத்ததைக் கூண்டில் ஒப்பித்த சாட்சியையா?

பிப்ரவரி 4, இரவு 11.50

மேலே எழுதியதன் கடைசி வரியை விரித்துச் சொல்ல வேண்டும். கதையில் மாட்டிவிடுபவர்கள் மூன்று பேர், நாலு பேர். எல்லோருக்கும் முகம் உண்டு, காரணம் உண்டு: ஒருவனுக்குப் பொறாமை, ஒருவனுக்கு அந்தப் பெண், ஒருவனுக்குப் பதவி. அதனால்தான் அந்தக் கதை நடக்கிறது. நிஜக் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால், புகார் கொடுத்தவர் “யாரோ எடுத்திருக்கிறார்கள்” என்று மட்டும்தான் கொடுத்திருப்பார். எஸ்.ஐ. மாதக் கடைசியில் கணக்கு முடித்திருப்பார். பொருள் கைப்பற்றியதாக எழுதும் மகஜர் பத்திரத்தின் சாட்சி வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். மாஜிஸ்திரேட் அன்றைக்கு வந்த இத்தனை ரிமாண்டுகளோடு இதையும் பார்த்திருப்பார். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம். யாருக்கும் அவன் மேல் தனிப்பட்ட கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் கொடுமை.

பிப்ரவரி 6

பழைய ஜெயில் எங்கே இருந்தது என்று இளைய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க் டவுனில், சென்ட்ரலுக்கும் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில். 1837இல் வந்தது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் இடித்தார்கள். இப்போது அந்த இடம் மருத்துவக் கல்லூரியிடம். இடிப்பதற்கு முன்னால் பொதுமக்களை உள்ளே விட்டார்கள், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது ஜனம்.

எனக்கு அந்த ஜெயிலில் நினைவிருப்பது மனு பார்க்கும் இடம்தான், அதாவது சொந்தக்காரர்கள் வந்து கைதியைப் பார்த்துப் பேசும் இடம். இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, கொஞ்ச தூரம் தள்ளி அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை. இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். “ஜாமீனுக்கு ஆள் கிடைக்கல!” “பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சி!” “வாடகை கேட்டு வந்தான்!” யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று புரியாது. ஒரு அம்மா கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் கையைத் தூக்கி விரலால் நாலு காட்டினாள். நாலாம் தேதி வாய்தா. அவ்வளவுதான், நேரம் முடிந்தது. தப்பிக்கும் திட்டமெல்லாம் போட அந்த இடத்தில் ஏது வழி?

பிப்ரவரி 9, இரவு

“பழிவாங்கும் ஆசை இருந்தது என்கிறீர்கள், ஒரு உதாரணமாவது சொல்லுங்கள்” என்று கொளத்தூர்க்காரர் விடாமல் கேட்கிறார். சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வடசென்னையில் லோடு வண்டி ஓட்டியவர். ஒரு குடோனில் செம்புக் கம்பி காணாமல் போனது. அதற்கு முந்தின வாரம் அங்கே சரக்கு இறக்கியவர் இவர். கூட்டிக்கொண்டு போனார்கள். ஒப்புதல் வாக்குமூலம், அதன் பேரில் பொருள் கைப்பற்றியதாக ஒரு மகஜர், சாட்சியாக அதே ரோட்டில் டீக்கடை வைத்திருந்தவரின் கையெழுத்து. ஜாமீன் சீக்கிரமே கிடைத்தது. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவர் சொந்தக்காரர்கள் யாருக்கும் காட்டுவதற்குச் சொத்து வரி ரசீது இல்லை. ஜாமீன் உத்தரவு எங்கள் ஆபீஸ் மேசையில் இருந்தது, அவர் புழலில் இருந்தார். மாதக்கணக்கில். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு மளிகைக்கடைக்காரர் இரக்கப்பட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

கேஸ் வருடக்கணக்கில் இழுத்தது. குறுக்கு விசாரணையில் டீக்கடைக்காரர் எங்கள் சீனியரின் மூன்றாவது கேள்வியிலேயே உடைந்துவிட்டார். “ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். என்ன எழுதியிருந்ததுன்னு தெரியாது.” விடுதலை.

தீர்ப்பு நகல் வாங்க வந்தவர் என்னைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். “சந்தேகத்தின் பலனை அளித்து” என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “சந்தேகம் யாருக்கு சார்? எனக்கு இல்லையே.” நான் என்ன சொல்ல? கோர்ட் பாஷை அப்படித்தான் என்றேன். “நான் செய்யலன்னு இதுல எங்கயாவது இருக்கா?” என்று கேட்டார். தேடினேன். அந்த அர்த்தத்தில் ஒரு வரி இல்லை. போலீஸ் தரப்பு நிரூபிக்கத் தவறியது என்றுதான் இருந்தது.

அப்புறம்தான் அவர் மெதுவாகச் சொன்னார். புழலில் இருந்தபோது தினமும் ராத்திரி ஒரு வரிசை வைத்திருந்தாராம். முதலில் அந்த எஸ்.ஐ., அடுத்து குடோன் முதலாளி, கடைசியில் டீக்கடைக்காரர். யாரை எங்கே, எப்படி, எந்த நேரத்தில். அந்த நினைப்பு இல்லாவிட்டால் தூக்கம் வராது. வெளியே வந்து பார்த்தால் எஸ்.ஐ. மாற்றலாகி எங்கோ போய்விட்டார். முதலாளி குடோனை விற்றுவிட்டார். மிச்சம் இருந்தது, வரிசையில் கடைசி ஆள்.

ஒரு நாள் காலை கடைக்குப் போயிருக்கிறார். டீக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, ஒன்றும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தாராம். கை நடுங்கி பாதி டீ சாஸரில். “தம்பி, போடலன்னா கடைய வைக்க விட்டிருக்க மாட்டாங்க.” இவர் கிளாஸை அடுப்பு மேல் வீசிவிட்டு வந்துவிட்டார். “அடிச்சிருந்தா அது நிஜ கேஸ் ஆயிருக்கும் சார். அவனுங்க சொன்னது உண்மைன்னு ஆயிருக்கும்.” இப்போதும் அந்த ரோடு வழியாகப் போக மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. தீரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பிப்ரவரி 10, காலை

மயிலாப்பூர் அம்மா ஒருவர், “மன்னித்துவிட்டால் மனம் லேசாகும், அவருக்கு அதைச் சொல்லியிருக்கலாமே” என்கிறார். அம்மா, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள். ஆனால் வெளியே வந்த நாள் முதல் ஊரே அவருக்கு அதைத்தான் சொல்கிறது. விட்டுத் தள்ளு, உசிரோட வந்தியே, சாமி பாத்துக்கும். எல்லாம் போன மனுஷனிடம் அந்தக் கோபம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, அதையும் கொடு என்று கேட்கிறோம். யாரும் வந்து தப்பு நடந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதவர்களை அவர் எப்படி மன்னிப்பார்?

பிப்ரவரி 10, மாலை

மெரினாவில் கண்ணகி சிலை எதற்கு நிற்கிறது என்று திருவான்மியூர் நண்பர் கேட்டிருக்கிறார். தவறான தீர்ப்புக்குப் பழிவாங்கியதைத்தானே தமிழன் கடவுளாக்கினான் என்கிறார். உண்மைதான். விசாரிக்காமல் கொன்ற ராஜாவின் முன்னால் போய் நின்று, சிலம்பை உடைத்து நிரூபித்துவிட்டுத்தான் அவள் ஊரை எரிக்கிறாள். அந்த வரிசை முக்கியம். முதலில் சபையில் நிரூபணம், ராஜா தன் வாயாலேயே தானே கள்வன் என்கிறான், அப்புறம்தான் நெருப்பு. டிரைவர் கேட்டதும் அந்த முதல் பாதியைத்தான்.

ஆனால் நண்பரே, அதற்குப் பிறகு நடந்ததையும் படியுங்கள். மாட்டிவிட்டவன் ஒரு பொற்கொல்லன். மதுரை எரிந்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரும் என்ன செய்தார்கள்? அவர்களை யார் விசாரித்தது? மழை பெய்தது, நாடு செழித்தது என்று அந்தப் பகுதி முடிகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆயிரம் வீடுகள்தான் கண்ணில் நிற்கும்.

பிப்ரவரி 13

யோசித்துப் பார்த்ததில், பழிவாங்கல் என்றாலே கத்தி என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நாகர்கோவில்காரர் நம்பி நாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரோ விஞ்ஞானி. 1994 நவம்பர் 30 அன்று உளவு கேஸில் திருவனந்தபுரத்தில் கைது, 50 நாள் காவல். சி.பி.ஐ. 1996இல் புகாரே பொய் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. அதோடு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. மாட்டிவிட்ட அதிகாரிகளைக் கோர்ட் கோர்ட்டாகத் துரத்தினார். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி, அதிகாரிகள் செய்ததை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. கைதானபோது ஐம்பதைத் தாண்டியிருந்த மனிதர், அந்தத் தீர்ப்பு வரும்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இது பழிவாங்கல் இல்லையா? நான் பழிவாங்கல் என்றுதான் சொல்வேன், அதில் ஒரு குறையும் காணவில்லை.

ஆனால் லோடு வண்டி டிரைவர் இருபத்துச் சொச்சம் வருடம் கோர்ட்டுக்கு அலைய முடியுமா?

பிப்ரவரி 13, சற்று நேரம் கழித்து

நஷ்டஈடு பற்றிக் கேட்டவருக்கு: காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால், வைத்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் வாங்கிக் கொடுக்கக்கூடிய தொகைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. ஆயிரம் ரூபாய். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 358ஆம் பிரிவு, புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 399. புதுச் சட்டம் எழுதியபோதும் அந்தத் தொகையை ஏற்றவில்லை.

பெரிய தொகை வேண்டுமானால் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ரிட் போட வேண்டும். அதற்கு வழி திறந்தது பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷா வழக்கு. 1968இல் விடுதலையானவரை 1982 வரை வெளியே விடவில்லை. 14 வருடம். உச்ச நீதிமன்றம் 1983இல் கொடுத்தது 35,000 ரூபாய். தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டத்தில் தனி ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் டிரைவரின் அந்த ராத்திரி வரிசைக்கு வேறொரு முடிவு இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிப்ரவரி 15

“விடுதலையாகிவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமே” என்று எழுதியவருக்கு ஒரு தகவல். தமிழ்நாடு போலீஸ் வேலைக்கான விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார் கொடுத்தவரே கோர்ட்டில் மாற்றிப் பேசியதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள் என்று இருக்கிறது. எழுத்துத் தேர்வு, உடல் தகுதி எல்லாம் தேறிய பையன் ஒருவன், தெருச்சண்டை கேஸில் சும்மா பேர் சேர்க்கப்பட்டு விடுதலையானவன், நிராகரிப்பு ஆணையோடு எங்கள் ஆபீசுக்கு வந்தான். அவன் கேட்டதும் டிரைவர் கேட்ட அதே கேள்விதான்.

பிப்ரவரி 20

இந்த இழை இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. கொளத்தூர்க்காரர் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தவர், நேற்றுத் தன் கேள்விக்குக் காரணம் சொல்லியிருக்கிறார். அவர் தம்பி புழலில் விசாரணைக் கைதியாம். ஜாமீன் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் இருக்கிறானாம். “அவன் எப்ப வந்து எவனை வெட்டுவான்னு பயமா இருக்கு” என்று எழுதியிருக்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் பாகவதரை எல்லாம் விட்டுவிட்டு நேராக இதற்கு வந்திருப்பேன்.

கொளத்தூர் நண்பரே, செய்ய வேண்டியது இது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. தெரிவித்தார்களா என்று கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட்டே பரிசீலிக்கலாம் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இதுவே அவன் முதல் கேஸ், வேறு கேஸ் நிலுவையில் இல்லை, குற்றம் தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்கு உரியதும் இல்லை என்றால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்ததுமே பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவில் வெளியே விடச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்த தடவை மனு பார்க்கப் போகும்போது அவனிடம் மன்னிக்கச் சொல்லாதீர்கள், மறக்கவும் சொல்லாதீர்கள். கோபத்தோடே இருக்கட்டும். யார் வந்து கூட்டிப்போனார்கள், எத்தனை மணிக்கு, எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைவிருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணைக்கு அதுதான் எங்களுக்கு வேண்டும். எழும்பூர் கோர்ட் கேஸாக இருந்தால் நம்பரைத் தனியாக எனக்கு அனுப்புங்கள். நகல் மனுவை நானே எழுதிப் போடுகிறேன்.